கும்மிடிப்பூண்டியில் முப்பது டப்பாக்கள்

மற்றவர்கள் இந்தியாவுக்குப் போனால் காசிக்குப் போவார்கள், காஞ்சிபுரத்தில் பட்டு எடுப்பார்கள், சொந்தக்காரர்கள் வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள். நான் போனது கும்மிடிப்பூண்டிக்கு. ஊர்ப் பெயரைச் சொன்னதும், அது நிஜமாகவே ஒரு ஊரா, இல்லை உன் வாத்தியார் கேலி பண்ணுகிறாரா என்று அம்மா கேட்டாள். ஈப்போவுக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள் அவள். நான் பினாங்கில் மனோதத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி, எனக்கு இருபத்தைந்து வயது.

சாதாரணக் குடும்பத்துப் பெண்களுக்கு ஒரு நாளில் எத்தனை தடவை கோபம் வருகிறது, எத்தனை தடவை பயம் வருகிறது, அதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. எங்கள் தோட்டத்தில் முப்பது பெண்களிடம் அதை முடித்தாகிவிட்டது. தமிழ்நாட்டில் புதிதாகத் தொழிற்சாலைகள் வந்த ஊர் ஒன்றிலும் அதையே செய்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார் என் பேராசிரியர். அவர் ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனிதர். கும்மிடிப்பூண்டியை அவருக்கு யார் சொன்னார்கள் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. என் உதவித்தொகை அந்த ஆண்டோடு முடிகிறது. அதற்குள் எண்ணிக்கை கைக்கு வந்தால் பட்டம், வராவிட்டால் அம்மாவோடு சேர்ந்து பால் வெட்டப் போக வேண்டியதுதான்.

வந்த முதல் நாளே மானம் கப்பலேறியது. பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சுகத்தில் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கம். ஒரு பக்கம் நெல் வயல், இன்னொரு பக்கமும் நெல் வயல், நடுவில் என் பெட்டியும் நானும். திரும்பிப் போக ரயில் எப்போது என்று கேட்டதற்கு ஸ்டேஷன் சிப்பந்தி தெலுங்கும் தமிழுமாக ஒரு பதில் சொன்னார். அதில் 'சாயங்காலம்' மட்டும் எனக்குப் புரிந்தது.

கடைசியில் பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு போன லாரி ஒன்று என்னை ஏற்றிக்கொண்டது. டிரைவர் என்னை 'நைனா' என்று கூப்பிட்டார். அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பெண்ணையும் கூப்பிடலாம் போலிருக்கிறது. மலேசியாவில் இந்தத் தூரத்துக்குள் நாலு காப்பிக்கடை தட்டுப்பட்டிருக்கும். இங்கே நாலு எருமை தட்டுப்பட்டது. அவையும் வழி விடவில்லை.

கடைத்தெருவில் ஒரு பாய் வீட்டு மாடியில் எனக்கு அறை. பழவேற்காட்டிலிருந்து வந்து கயிறும் தகர டப்பாவும் விற்றுக்கொண்டிருந்த குடும்பம். பாயின் பெரியப்பா ஒருவர் பினாங்கில் கடை வைத்திருந்தாராம். அவரை எனக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றதும் பாயின் மனைவிக்கு என்மேல் கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் காலை நாஷ்டாவுக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வந்தன. அதைச் சாப்பிட்டதும் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, வெட்கக்கேடு.

பாய் கடையிலேயே முப்பது டப்பாக்கள் வாங்கி, மூடியில் துளை போட்டு, எண் எழுதினேன். எங்கள் தோட்டத்தில் செய்த அதே ஏற்பாடுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் காகிதத்தைக் கொடுத்து என்ன பயன்? அதனால் நாலு தானியம். மனசு நிம்மதியாக இருந்தால் பச்சைப்பயறு, கோபமாக இருந்தால் துவரை, பயமாக இருந்தால் கொண்டைக்கடலை, துக்கமாக இருந்தால் மிளகு. துக்கத்துக்குக் கறுப்பு என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். கறுப்பாக எது கிடைக்கும் என்று யோசித்து மிளகைத் தேர்ந்தெடுத்தவள் நான். நாளுக்கு மூன்று வேளை, பதினாலு நாள், வேளைக்கு ஒரே ஒரு தானியம்.

தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், இரும்பு உருக்கும் ஆலை ஒன்றின் தொழிலாளிகள் குடியிருந்த முப்பது வீட்டு வரிசைக்குப் போனேன். எங்கள் தோட்டத்து லயன் வீடுகளை அப்படியே கொண்டுவந்து வெயிலில் வைத்த மாதிரி இருந்தது. டப்பாவும் கையுமாக என்னைப் பார்த்ததும் பாதிக் கதவுகள் சாத்திக்கொண்டன. நான் குடும்பக் கட்டுப்பாட்டு ஆள் என்று நினைத்துவிட்டார்களாம். தண்ணீர்க் குழாயடியில் நின்று நான் சொல்லிப் பார்த்ததெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கூட்டத்திலிருந்து ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தாள். ஒல்லியான பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், பேசும்போது புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கம். பெயர் கன்னியம்மா. பதினேழாம் வீடு.

"ஆபரேசன் இல்லியே டீச்சரம்மா? வெறும் டப்பாதானே? எனக்குப் பதினேழு குடு" என்றாள்.

அவள் வாங்கியதும் மற்றவர்களும் வாங்கினார்கள். நான் டீச்சர் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மூன்று வாரமும் டீச்சரம்மாதான்.

ஆலையில் ஷிஃப்டு மாறும்போது நாளுக்கு மூன்று தடவை சங்கு ஊதும். சங்கு ஊதும் வேளையில் மனசு எப்படி இருக்கிறதோ அந்தத் தானியத்தைப் போடுங்கள் என்று சொல்லியிருந்தேன். கடிகாரம் தேவையில்லாத ஏற்பாடு என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் முப்பது டப்பாவிலும் கொண்டைக்கடலை. ஒன்று பாக்கியில்லாமல் பயம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாக.

ராஜம்மாதான் அதைக் கலைத்தார். வரிசையிலேயே மூத்தவர், ஐம்பது வயதிருக்கும். குழாயடிச் சண்டைக்கெல்லாம் அவர்தான் கோர்ட்டு. உலைக்குப் பக்கத்தில் விபத்து நடந்தாலும் அதே சங்குதான் ஊதுமாம். அதனால் எப்போது ஊதினாலும், அது ஷிஃப்டுச் சங்கா இல்லையா என்று நேரம் கணக்குப் பார்த்து முடிக்கும்வரை எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஆலைப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம்.

"சங்கு ஊதறப்போ மனசு எப்பிடி இருக்குதுன்னு கேட்டா, வேற எப்பிடிம்மா இருக்கும்?" என்றார்.

ஆராய்ச்சிக்கே நான்தான் பயத்தை ஊட்டியிருக்கிறேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். சங்கு வேண்டாம், மூன்று வேளையும் சாப்பிட உட்காரும்போது போடுங்கள் என்றேன். சாப்பாடு மூன்று வேளையும் உண்டா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. உண்டு என்று கன்னியம்மா பிறகு சொன்னாள், ஒரு வேளை கஞ்சியையும் சேர்த்துக்கொண்டால்.

அடுத்த இரண்டு வாரம் என் வாழ்க்கையின் நல்ல வாரங்களில் சேர்த்தி. காலையில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசுவேன். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். பாத்திரம் தேய்ப்போம் என்று ஒருத்தி சொன்னாள். புருஷனுக்கு உப்பில்லாமல் குழம்பு வைப்போம் என்று இன்னொருத்தி. பன்னிரண்டாம் வீட்டுப் பெண் வேண்டுமென்றே மாமியாருக்கு நல்ல மீன் துண்டாகப் போட்டுவிடுவாளாம், அந்தக் குற்ற உணர்ச்சியில் மாமியார் அன்று முழுக்க வாயைத் திறக்க மாட்டாளாம். இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. எங்கள் தோட்டத்துப் பெண்கள் கோபம் வந்தால் பக்கத்து வீட்டுக்கு எழுந்து போய்விடுவார்கள். இவர்கள் போக மாட்டார்கள். போனால் குழாயில் தண்ணீர் போய்விடும்.

கன்னியம்மா தினமும் கூடவே வந்தாள். யார் எப்போது வீட்டில் இருப்பாள், யாரிடம் எதைக் கேட்கக்கூடாது என்றெல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். என் தமிழைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். 'பசியாறிட்டீங்களா' என்று நான் கேட்பதை வரிசை முழுக்கப் போய் நடித்துக் காட்டினாள். ஒரு நாள் சேற்றில் வழுக்கி நான் உட்கார்ந்தபோது, தூக்கிவிடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவளும் அவள்தான். உனக்குக் கவலையே கிடையாதா என்று ஒரு தடவை கேட்டேன். "கவலப்பட்டா மட்டும் ரேசன்ல சர்க்கரை ஏத்திப் போடப்போறானா?" என்றாள். அன்று என் நோட்டில், பதினேழாம் எண் மிக மகிழ்ச்சியானவர், சமாளிக்கும் திறன் அதிகம் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். இங்கே ஒரு நல்ல உதாரணம் கிடைத்துவிட்டது என்று பேராசிரியருக்குக் கடிதம்கூடப் போட்டுவிட்டேன்.

பதினாலாம் நாள் மாலையோடு கணக்கு முடிந்தது. மறுநாள் டப்பாக்களை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். வேலை முடிந்த சந்தோஷத்தில், பாயின் மனைவி அனுப்பிய பழவேற்காட்டு இறாலையும், எதிர் வீட்டு ரெட்டியார் அம்மாள் கொடுத்த புளிச்சகீரைத் துவையலையும் ஒரே இலையில் வைத்து மூக்கு முட்டச் சாப்பிட்டேன். விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் முழுக்க மாடியறைக்கும் கொல்லைக்கும் நடந்ததில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கே போயிருக்கலாம். பாயின் மனைவிக்கு அன்றுதான் என்மேல் இரக்கம் வந்தது. சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்து, பெரியப்பாவைத் தெரியாததையும் மன்னித்துவிட்டார்.

அதற்கடுத்த நாள் தள்ளாடிக்கொண்டு வரிசைக்குப் போனேன். ராஜம்மா வீட்டு வாசலில் அடுக்கி வைத்திருந்ததில் முதல் டப்பாவைத் திறந்தேன். பயறு இருந்தது, துவரை இருந்தது, கடலை நாலைந்து இருந்தன. மிளகு ஒன்றுகூட இல்லை. இரண்டாவதிலும் இல்லை, மூன்றாவதிலும் இல்லை. எட்டாவது டப்பாவைத் தரையில் கவிழ்த்தே பார்த்துவிட்டேன். குழம்பில் போட்டுவிட்டார்களா என்று கேட்டேன். ராஜம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

நேற்று அமாவாசையாம். பஸ் மாறி எல்லாரும் திருவள்ளூர் போயிருக்கிறார்கள். அங்கே வீரராகவர் கோயில் குளத்தில் நோய் தீர வெல்லம் கரைப்பார்கள், உப்பும் மிளகும் போடுவார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அது பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. மலேசியாவிலிருந்து ஒருத்தி வருகிறாள், துக்கம் வந்தால் மிளகை எடுத்துத் தனியாகப் போட்டு வையுங்கள் என்கிறாள், பதினாலு நாள் முடிந்த மறுநாள் அமாவாசை வேறு. அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

"மிளகு குடுத்தது நீதானே டீச்சரம்மா? துக்கத்தைப் புடிச்சு டப்பாவுல போட்டப்புறம் அதை ஊட்டுலயா வெச்சிக்கினு இருப்பாங்க? உனக்கு உடம்பு சரியில்லன்னாங்க. அமாவாசை நிக்குமா? நாங்களே போயி சேத்துட்டு வந்துட்டோம்" என்றார் ராஜம்மா.

நான் கத்தினேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. தமிழில் தொடங்கி, மலாயில் புகுந்து, ஆங்கிலத்தில் முடித்தேன். என் படிப்பு போச்சு, என் அம்மா போச்சு என்று ஏதேதோ சொன்னேன். இந்த டப்பாக்களை இப்படியே கொண்டுபோனால், கும்மிடிப்பூண்டிப் பெண்களுக்குத் துக்கமே கிடையாது என்றுதான் எழுத முடியும். என் அழுகையை முப்பது வீடும் வேடிக்கை பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

நான் மூச்சு வாங்கும்வரை காத்திருந்துவிட்டு, ராஜம்மா ஒரு டப்பாவின் மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கத்தில் கரியால் '9' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் '14'. இன்னொன்றில் '3'. நான் எண்ணுகிற ஆள் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் கிளம்புவதற்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்து அவரவர் மிளகை எண்ணி, எழுதத் தெரிந்த இரண்டு பேரைக் கொண்டு எழுதவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார்கள். நான் யாரை ஆராயப் போனேனோ அவர்கள் எனக்கு மேல் ஆராய்ச்சி தெரிந்தவர்களாக இருந்தார்கள். ராஜம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தூங்கிவிட்டதாகச் சொன்னார். மகன் ஓடிப்போன நாளிலிருந்து அவர் பகலில் கண் அசந்ததே இல்லையாம். எனக்கும் சேர்த்து ஒரு துண்டு வெல்லம் கரைத்தார்களாம்.

எண்களை எழுதிக்கொண்டே வந்தேன். இருபத்தொன்பது மூடிகளில் கரி இருந்தது. பதினேழாம் டப்பா மட்டும் அங்கே இல்லை.

கன்னியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திருவள்ளூர் போகவில்லையா என்று கேட்டேன். எல்லாரும் போய்விட்டால் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று சிரித்தாள். டப்பாவைக் கேட்டேன். சிரிப்பு அப்படியே இருந்தது, கை மட்டும் கீரையில் நின்றுவிட்டது. உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

திறந்து பார்த்தேன். பயறு இல்லை. துவரை இல்லை. கடலை இல்லை. மிளகு மட்டும்தான் இருந்தது.

"நாப்பத்திரண்டு. எழுதிக்கோ" என்றாள்.

மூன்று வேளை, பதினாலு நாள். எண்ணிப் பார்க்கவே தேவையில்லை. நான் சேற்றில் விழுந்த அன்றைக்கு அப்படிச் சிரித்தாயே, அன்றைக்குமா என்று மட்டும் கேட்டேன்.

"சிரிச்சது வாயி. நீ மனசைத்தானே கேட்ட?"

அவளுக்குச் செல்வி என்று ஒரு பெண் குழந்தை இருந்திருக்கிறாள். நாலு வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மை போட்டு இரண்டே நாளில் போய்விட்டாள். போட்டோ எடுத்ததில்லை. சட்டையைக்கூட, அம்மை கண்ட துணி என்று மாமியார் கொளுத்திவிட்டாள். இரண்டு வாரமாகக் கூடவே திரிந்தும் அவள் இதைச் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விகளில் இது இல்லை. வரிசையில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயெடுப்பதில்லை.

இந்த மிளகை அங்கே கொண்டுபோய் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். எண்ணுவோம் என்றேன். எண்ணிவிட்டு? பொய் சொல்ல மனம் வரவில்லை. எறிந்துவிடுவோம் என்றேன்.

"அப்ப நம்பரை எடுத்துக்கினு போ. மிளகு இங்கயே இருக்கட்டும். அவங்க கரைச்சாங்க, நல்லது. என்னுதை நான் கரைக்க மாட்டேன் டீச்சரம்மா. இதையும் கரைச்சிட்டா, அவ இருந்தான்றதுக்கு என் கையில இன்னா இருக்குது?"

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். எழுந்து போய் ஒரு டம்ளர் நீர்மோர் கொண்டுவந்து கொடுத்து, வயிறு கெட்டவள் வெயிலில் அழக்கூடாது என்று சொன்னாள். டப்பாவை மூடி அவளிடமே கொடுத்தேன். பதினேழாம் எண்ணுக்கு நேரே நாற்பத்திரண்டு என்று எழுதி, மை காய்வதற்காக அந்த வரியை ஊதினேன். நான்கு நாளில் கப்பலேறிவிட்டேன்.

பினாங்கில் பேராசிரியர் என் அட்டவணைகளைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார். கரியில் எழுதிய கதையைச் சொன்னபோது மேஜையைத் தட்டிச் சிரித்தார். பிறகு பென்சிலைப் பதினேழாம் வரியில் வைத்தார். எல்லா வேளையும் ஒரே தானியத்தைப் போட்டவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது இந்தத் துறையில் வழக்கம் என்றார். அப்படிப் போடுகிறவர்கள் கேள்வியைப் புரிந்துகொள்ளாமல் போடுகிறவர்களாம். நான் செல்வியைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அட்டவணைக்கு அது தெரியாதே என்றார்.

ஒரு வாரம் சண்டை போட்டேன். அதற்கு மேல் முடியவில்லை. உதவித்தொகை அந்த மாதம் முடிகிறது. அந்த வரியோடு கொடுத்தால் அவர் கையெழுத்துப் போட மாட்டார். அம்மா கடிதத்தில், பட்டமளிப்புக்குப் புடவை எடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள்.

பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டில் கும்மிடிப்பூண்டிப் பெண்கள் இருபத்தொன்பது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: ஒருவர் கேள்வியைப் புரிந்துகொள்ளாததால் நீக்கப்பட்டார். அந்த வரியைப் பேராசிரியர் எழுதவில்லை. நான்தான் எழுதினேன்.